மீன் கண் மூடிய பக்கம்

சென்னை
14.6.2024

அன்புள்ள முருகுவுக்கு,

மதினி காளீஸ்வரி எழுதுவது. இங்கே நான், உன் அண்ணன், பிள்ளைகள் எல்லோரும் சுகம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரர் தங்கப்பாண்டித் தம்பியும் சுகந்தானே? அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் அனுப்பிய தைலத்தை அலமாரியில் பூட்டி வைக்காமல் தேய்க்கச் சொல்.

போனில் பேசுகிற மதினி தாளும் பேனாவுமாக வந்திருக்கிறாளே என்று பார்க்கிறாயா? காரியம் இல்லாமல் உன் மாமன் மகள் கடிதம் போடுவாளா? ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் படிக்கத் தகுந்த நாவல்கள் என்று எங்கள் அறக்கட்டளையில் ஒரு பட்டியல் தயாரிக்கிறோம். அதில் ஏறுகிற நாவல்களைப் பல மாவட்டத்துப் பள்ளி நூலகங்களுக்கு வாங்கிக் கொடுப்பார்கள். பொறுப்பு என் தலையில். தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் எல்லாம் நரைத்த தலைகள். பிள்ளைகளைக் கேட்காமல் பிள்ளைகளுக்குப் புத்தகம் தேர்ந்தெடுப்பது, மாப்பிள்ளையைக் கேட்காமல் பாக்கு வெற்றிலை மாற்றுகிற கதை. அதனால்தான் உன் பள்ளியை நினைத்தேன்.

பன்னிரண்டு நாவல்கள் அனுப்புகிறேன். சில அச்சானவை, சில இனிமேல் அச்சாக வேண்டிய தட்டச்சுப் பிரதிகள். எல்லாவற்றுக்கும் பழுப்புத்தாள் அட்டை போட்டு, தலைப்பும் ஆசிரியர் பெயரும் தெரியாமல் ஒட்டி, எண் மட்டும் எழுதியிருக்கிறேன். பெயரைப் பார்த்து யாரும் மயங்கக் கூடாது, நீ உட்பட. பிள்ளைகள் மனதில் பட்டதைச் சொல்லட்டும். வாட்ஸப் வேண்டாம், தாளில் எழுது. கோப்பில் வைத்துக் குழுவில் காட்டுவேன். அவர்கள் சொன்னதில் ஓர் எழுத்தும் மாறாது. அதற்கு நான் பொறுப்பு.

அத்தையையும் தம்பியையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
காளி மதினி


அக்காள்மடம்
7.7.2024

அன்புள்ள மதினிக்கு,

முருகலட்சுமி எழுதிக்கொண்டது. எல்லோரும் நலம். அம்மா தைலத்தை அலமாரியில்தான் வைத்திருக்கிறாள். எப்படித் தெரிந்தது உங்களுக்கு? அண்ணனும் பிள்ளைகளும் சுகமா?

பெட்டி வந்து சேர்ந்தது. ரயில்தான் இன்னும் பாம்பன் புதுப் பாலம் ஏறவில்லையே. இவர் மண்டபத்தில் இறக்கி, தோளில் சுமந்து, பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்தார். “அக்கா புத்தகம் அனுப்புச்சாகளா, அம்மிக்கல்லு அனுப்புச்சாகளா” என்று கேட்கிறார்.

முதல் இரண்டு நாள் ஒரு பிள்ளையும் தொடவில்லை. பழுப்பு அட்டையைப் பார்த்துப் பரீட்சைக் கைடு என்று நினைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் ஏழாம் வகுப்பு சகாயராணி வந்தாள். அவள் அம்மா பாம்பன் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். இந்தப் பிள்ளை ஒரு புத்தகத்தை எடுத்தாள், முதல் பக்கம் பார்க்கவில்லை, நடுவில் விரித்து நின்றபடியே கொஞ்சம் படித்தாள், வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

“செவுளு பாக்குறேன் டீச்சர். எங்கம்மா மீனு எடுத்தா தலையவும் வாலயுமா பாக்கும்? செவுளத்தான் தூக்கிப் பாக்கும். செவந்திருந்தா எடுக்கும், வெளுத்திருந்தா வச்சிட்டு வந்துரும்.”

மதினி, உங்கள் குழுவின் நரைத்த தலைகள் எல்லாம் சேர்ந்து உட்கார்ந்தாலும் இப்படி ஒரு வழி கண்டுபிடிக்க மாட்டார்கள். இப்போது வகுப்பு முழுக்க இதே பேச்சுத்தான். ‘செவுள் சிவப்பு’ என்றால் நல்ல புத்தகம், ‘வெளுப்பு’ என்றால் ஆகாது.

இவர்களுக்குப் பிடித்ததைச் சொல்லப் பழக்கமில்லை. பாடப்புத்தகத்தில் இருப்பது நல்லது என்று டீச்சர் சொன்னால் நல்லது, அவ்வளவுதான். ஆகவே கூட்டிவைத்துச் சொன்னேன், நீங்கள் சொல்வதைச் சென்னையில் அப்படியே எழுதிக்கொள்வார்கள், நீங்கள் சொன்ன புத்தகம்தான் ஊர் ஊராகப் போகும் என்று. சகாயராணி எழுந்து, “புடிக்கலன்னு சொன்னாலும் எழுதிக்கிருவாகளா டீச்சர்?” என்று கேட்டாள். எழுதிக்கொள்வார்கள் என்றேன். உங்களை நம்பித்தான் சொல்லியிருக்கிறேன்.

என்றும் உங்கள்,
முருகு


சென்னை
22.7.2024

அன்புள்ள முருகுவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதத்தை உன் அண்ணனுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அலுவலகத்திலும் எல்லோரும் இப்போது செவுள் தூக்கித்தான் பார்க்கிறார்கள். உன் சகாயராணிக்கு என் சார்பில் ஒரு மிட்டாய் வாங்கிக் கொடு.

எந்தெந்த எண் எப்படி என்று விவரமாக எழுது. முக்கியமாக ஏழாம் எண். அது கடற்கரைக் கதை, மீனவப் பையன்தான் நாயகன். உன் பிள்ளைகளுக்கு ஒட்டும் என்று நினைத்து வைத்தேன். யாராவது எடுத்தார்களா? எடுத்தவர்கள் முடித்தார்களா? மற்றபடி எல்லா எண்களும் எனக்கு ஒன்றுதான்.

இங்கே தண்ணீர் லாரி வரும் நேரம். நிறுத்துகிறேன். அத்தையிடம் சொல், தீபாவளிக்கு ஊருக்கு வருகிறேன்.

காளி மதினி


அக்காள்மடம்
25.8.2024

அன்புள்ள மதினிக்கு,

இங்கு யாவரும் சுகம். அம்மா தைலம் தேய்க்கத் தொடங்கிவிட்டாள், ஆனால் உங்கள் பேச்சைக் கேட்டு இல்லை, டாக்டர் சொன்னாராம். அங்கு அண்ணனுக்குச் சர்க்கரை குறைந்ததா?

மூன்றாம் எண், ஆடு திருடனைப் பிடிக்கிற கதை, செவுள் சிவப்பு. ஒன்பதாம் எண்ணுக்கு அடிதடி. பஸ் டிப்போவில் வளர்கிற பெண்ணின் கதை. ஒருத்தி வீட்டுக்கு எடுத்துப்போய், மறுநாள் திருப்பித் தராமல் காய்ச்சல் என்று லீவு போட்டாள். போய்ப் பார்த்தால் படித்துக்கொண்டிருக்கிறாள். பதினொன்று ஆறாம் வகுப்புக்குக் கஷ்டம், எட்டாம் வகுப்புக்குச் சரி.

இனி உங்கள் ஏழாம் எண். மதினி, சிரித்துச் சிரித்து எனக்கு வயிற்றுவலி. அப்பாவோடு முதல் தடவை கடலுக்குப் போகிற பையன் பிடித்த மீன், அவன் மடியில் கிடந்து ‘மெல்லக் கண்களை மூடியது’ என்று ஒரு பக்கம். அந்தப் பக்கம் வரை வந்த பிள்ளைகள் அதோடு சரி. மீனுக்கு ஏது மதினி இமை? காஜா நவாஸ் என்று ஒரு வால் இருக்கிறான். மறுநாள் டிபன் டப்பாவில் ஒரு செத்த சூடை மீனைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்து, “பாருங்க டீச்சர், செத்தும் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கு” என்கிறான். அன்று முழுக்க வகுப்பில் நாற்றம்.

அதைக்கூட விட்டுவிடலாம். கதையில் பட்டணத்திலிருந்து ஒரு வாத்தியார் வந்து பையனைப் படிக்க வைத்துக் காப்பாற்றுகிறார், பையன் ஊரை விட்டுப் போகிறான், கடற்கரை ஜனங்கள் எல்லோரும் கைகூப்பி அழுகிறார்கள். சகாயராணிதான் கடைசி வரை படித்தவள். என்ன சொன்னாள் தெரியுமா? “அந்தப் பையனோட அம்மா ஒரு தடவகூடப் பேசவே இல்ல டீச்சர்.” நான் புரட்டிப் பார்த்தேன். ஆமாம். நூற்றுச்சொச்சம் பக்கத்தில் அந்த அம்மா அழுகிறாள், சோறு போடுகிறாள், வாயைத் திறக்கவே இல்லை.

யார் எழுதியதோ, கடலைக் காலண்டரில் பார்த்தவர் போலிருக்கிறது. காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள், எழுதியவருக்கு இதுவும் பொன்குஞ்சாகத்தான் இருக்கும். இங்கே வகுப்பு மொத்தமும் வெளுப்பு என்று சொல்லிவிட்டது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள்,
முருகு


அக்காள்மடம்
29.9.2024

அன்புள்ள மதினிக்கு,

சுகந்தானே? ஒரு மாதத்துக்கு மேலாகப் பதில் இல்லை. போன் செய்தால் கூட்டத்தில் இருக்கிறேன் என்று வைத்துவிடுகிறீர்கள். உடம்புக்கு எதுவும் இல்லையே? அண்ணனோடு எதுவும் மனத்தாங்கலா? பிள்ளைகள் தினமும் கேட்கிறார்கள், நாங்கள் சொன்னதை எழுதிக்கொண்டார்களா என்று. ஒரு வரியாவது போடுங்கள்.

முருகு


சென்னை
18.10.2024

முருகுவுக்கு,

எல்லோரும் நலம். வேலை அதிகம், அதனால்தான் எழுத முடியவில்லை. தீபாவளிக்கு ஊருக்கு வருவதற்கில்லை.

உன் அறிக்கை கிடைத்தது. பொதுவாக நன்றாக இருந்தது. ஏழாம் எண்ணைப் பற்றி மட்டும் பிள்ளைகள் அவசரப்பட்டுவிட்டார்கள் என்று தோன்றுகிறது. மீன் கண் மூடுவது என்பது கற்பனை. இலக்கியத்தில் நிலா கூட அழும். அதை எடுத்துச் சொல்ல வேண்டியது ஆசிரியை. நீயே சேர்ந்து சிரித்தால் பிள்ளைகள் எப்படிப் படிப்பார்கள்? ஒருவன் உட்கார்ந்து வருடக்கணக்கில் எழுதியிருப்பான் என்கிற நினைப்பு வேண்டாமா? அதை இன்னொரு தடவை கொடுத்துப் பார். முடிந்தால் நீயே வாசித்துக் காட்டு.

கோப்புக்கு வகுப்புப் புகைப்படம் ஒன்றும், பிள்ளைகளின் பெயர், இனிஷியலும் வேண்டும். அனுப்பு.

காளீஸ்வரி


அக்காள்மடம்
1.12.2024

அன்புள்ள மதினிக்கு,

நாங்கள் நலம். நவம்பர் மழையில் பள்ளிக்குள் தண்ணீர் வந்துவிட்டது. புத்தகங்களை மேசைமேல் மேசை போட்டு ஏற்றி வைத்துக் காப்பாற்றியது பிள்ளைகள்தான். உங்கள் ஏழாம் எண்ணையும் சேர்த்துத்தான் தூக்கினார்கள். பாகுபாடு பார்க்கவில்லை.

போன கடிதத்தில் சூடாக இருந்தீர்கள். வேலை அலுப்பு என்று எடுத்துக்கொண்டேன். நீங்கள் சொன்னது போல மழை நாட்களில் நானே வாசித்துக் காட்டினேன். சிரிக்கவும் இல்லை, முகத்தைக் கோணவும் இல்லை. பிள்ளைகள் எனக்காகப் பொறுமையாகக் கேட்டார்கள். முடிந்ததும் சகாயராணி ஒன்றுதான் கேட்டாள். “அந்தம்மா மீனு விக்கிற அம்மாதானே டீச்சர்? கூவாம எப்பிடி வித்துச்சு?”

உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பையன் தாத்தா ஊருக்குப் போகும்போது, மழைக்கு முந்தின நாள் கண்மாய்க்கரை எப்படி இருக்கும் என்று ஒரு பக்கம் வருகிறது. வறண்ட கண்மாயில் வெடிப்பு விட்ட களிமண்ணுக்குள் கைவிட்டுப் பார்க்கிறான், உள்ளே குளிர்ச்சியாக இருக்கிறது. அந்தப் பக்கத்தில் வகுப்பே அசையவில்லை. காஜா நவாஸே, “இந்தப் பக்கம் மட்டும் செவுளு செவப்பு டீச்சர்” என்றான். எழுதியவர் கடல் ஆள் இல்லை, கண்மாய் ஆள். நம் பக்கத்து மனுஷராகக்கூட இருக்கலாம், எனக்கு நம் ஊர்க் கண்மாயே கண்ணுக்குள் வந்தது. கடலை விட்டுவிட்டுக் கண்மாயை எழுதச் சொல்லுங்கள் அவரை. நான்தான் சொன்னேன் என்றும் சொல்லுங்கள். அது வந்தால் வாசலில் நின்று வாங்குவோம்.

புகைப்படமும் பெயர்களும் இத்துடன். இரண்டாம் வரிசையில் ஓரமாக வாயைப் பொத்திச் சிரிப்பவள்தான் சகாயராணி.

உங்கள்,
முருகு


சென்னை
10.1.2025

அன்புள்ள முருகுவுக்கு,

நலம். எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்து.

பட்டியல் அச்சுக்குப் போய்விட்டது. குழுவில் கடைசி நேரத்தில் சில மாற்றங்கள். எல்லாம் என் கையில் இல்லை. உன் பிள்ளைகளின் பெயர் அச்சில் வருகிறது. புத்தகக்கட்டு ஒன்று பள்ளிக்கு வரும். சந்தோஷமாகப் பிரியுங்கள்.

மற்றவை நேரில்.

காளி மதினி


அக்காள்மடம்
9.2.2025

மதினிக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

கட்டு வெள்ளிக்கிழமை வந்தது. பிள்ளைகள் முன்னால் வைத்துப் பிரிக்க வேண்டும் என்று நான்தான் பிரியமாகக் காத்திருந்தேன். ஒன்பதாம் எண் வந்திருக்கும் என்று அவர்கள் பந்தயம் கட்டியிருந்தார்கள். உள்ளே இருந்தது நாற்பது பிரதி, எல்லாம் ஒரே புத்தகம். ‘கரையேறிய முத்து’ என்று தலைப்பு. முதல் பத்தி படித்ததுமே வகுப்புக்குத் தெரிந்துவிட்டது, ஏழாம் எண்.

பின்னட்டையைத் திருப்பினேன். ஆசிரியர் காளீஸ்வரி. பட்டுச்சேலையில் உங்கள் படம். நம் குலசாமி கோயில் கொடையில் எடுத்த படம்தானே? பக்கத்தில் நின்ற என்னை வெட்டி எடுத்திருக்கிறீர்கள். என் தோள் மட்டும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உங்கள் புத்தகம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அப்படிச் சிரித்திருப்பேனா? பெயரைப் பார்த்து மயங்கக் கூடாது என்று எனக்குப் பாடம் சொல்லிவிட்டு, ஒட்டிய தாளுக்குப் பின்னால் நீங்களே உட்கார்ந்திருந்தீர்கள். சரி, அதையும் பொறுத்துக்கொள்வேன். எழுதியவருக்கு ஆசை இருக்கும். உங்கள் படத்துக்குக் கீழே போட்டிருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

‘ஒரே மூச்சில் படித்தேன். பல இடங்களில் அழுதுவிட்டேன். இது எங்கள் கதை. ம. சகாயராணி, ஏழாம் வகுப்பு, அக்காள்மடம்.’

மதினி, அந்தப் பிள்ளை இதைச் சொல்லவே இல்லை. அவள் சொன்னது என்ன என்று உங்களுக்கு என் கையெழுத்தில் வந்திருக்கிறது, ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அவள் பெயரை எடுத்து உங்கள் இலையில் ஊற்றிக்கொண்டீர்கள். பட்டியலில் உங்கள் நாவல் முதலாவது. பிள்ளைகள் அடித்துக்கொண்ட ஒன்பதாம் எண் கடைசியில்கூட இல்லை.

வகுப்பு என்னைப் பார்த்தது. உங்களை அவர்களுக்குத் தெரியாது, என்னைத்தானே தெரியும்? காஜா நவாஸ் எழுந்து, “நீங்கதான் மாத்தி எழுதிக் குடுத்தீகளா டீச்சர்?” என்று கேட்டான். இல்லை என்றேன். நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். சகாயராணி தன் பெயரின்மேல் விரலை வைத்துக்கொண்டு, “நான் அழுதேன்னு போட்ருக்கு டீச்சர்” என்று மட்டும் சொன்னாள். கோபமாகக்கூட இல்லை.

அவள் அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். பக்கத்துக் கடைக்காரரை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். பெண்ணின் பெயர் அச்சில் வந்த சந்தோஷத்தில், மீன்தண்ணீர் படாமல் புத்தகத்தைப் பாலித்தீன் பையில் சுற்றித் தராசுக்குப் பக்கத்தில் வைத்து, வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுகிறார். வாயே திறக்காத ஒரு மீன்காரியின் கதையை, ஊரைக் கூவி அழைக்கிற ஒரு மீன்காரி, தன் மகள் மெச்சியது என்று காட்டிக்கொண்டிருக்கிறார். நேற்று பாம்பனில் அதைப் பார்த்துவிட்டு மீன் வாங்காமல் திரும்பி வந்தேன்.

அந்த வரியை எடுங்கள். பிள்ளைகள் சொன்னது வேறு என்று குழுவிடம் சொல்லுங்கள். நம்பவைத்துக் கழுத்தை அறுத்தீர்கள், இதையாவது செய்யுங்கள்.

முருகலட்சுமி


சென்னை
20.2.2025

என் பிரியமான முருகுவுக்கு,

நீ விசாரிக்காவிட்டாலும் நான் விசாரிக்கிறேன். எல்லோரும் சுகமா? அத்தை எப்படி இருக்கிறார்கள்?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். நீ கோபப்படுவது நியாயம். ஆனால் என் பக்கத்தையும் கேள். பல வருஷமாக எல்லோருக்கும் முன்னால் எழுந்து, சமையலறையில் உட்கார்ந்து எழுதிய நாவல் அது. உன் அண்ணன் அதை என் ‘கோலப்பொடி’ என்பார், காலையில் போட்டு மாலையில் அழிவது என்று. எத்தனை பதிப்பகம் ஏறி இறங்கினேன் என்று உனக்குச் சொன்னதில்லை. கடைசியாக ஒருவர், பள்ளிப் பிள்ளைகள் விரும்பினார்கள் என்று ஒரு வரி இருந்தால் போடலாம் என்றார். உன் பிள்ளைகள் விரும்புவார்கள் என்று நம்பித்தான் அனுப்பினேன். ஆகஸ்டில் வந்த உன் கடிதத்தைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. நீ அவ்வளவு சிரித்திருக்க வேண்டாம் முருகு.

ஒரு வரிதானே? அந்தப் பிள்ளையின் பெயர் நல்லபடியாகத்தான் வந்திருக்கிறது. அதனால் அவளுக்கு என்ன குறைந்துவிட்டது? அவள் அம்மாவே சந்தோஷப்படுகிறார் என்று நீதான் எழுதியிருக்கிறாய்.

இப்போது வாயைத் திறந்தால் என் வேலை போய்விடும். ஊரில் தலைகாட்ட முடியாது. அடுத்த பதிப்பில் அந்த வரியை எடுத்துவிடுகிறேன், சத்தியம். மார்ச் மாதம் ராமநாதபுரத்தில் நூலுக்கு ஒரு விழா. குழுவில் ஒருவருக்கு ஏதோ சந்தேகம், அந்தப் பெண் உண்மையிலேயே சொன்னாளா என்று கேட்கிறார். உங்கள் தலைமையாசிரியருக்கு எழுதியிருக்கிறேன். சகாயராணி கைப்பட எனக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதினால் போதும். நீ தடுக்காமல் இருந்தால் போதும். நான் உன் மாமன் மகள். நாம் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். உனக்கு நான் சொந்தமா, அந்தப் பிள்ளை சொந்தமா?

உன் மதினி,
காளி


அக்காள்மடம்
16.3.2025

மதினிக்கு,

வணக்கம். அம்மா நலமாக இருக்கிறாள். அவளுக்கு இது எதுவும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

சொந்தம் யார் என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள்தான் சொந்தம். அதனால்தான் உங்கள் வார்த்தையை அந்தப் பிள்ளைகளிடம் என் வார்த்தையாகச் சொன்னேன். வேறு யாராவது கேட்டிருந்தால் யோசித்திருப்பேன்.

குழுவுக்கு நடந்ததை எல்லாம் எழுதி, உறையில் போட்டு, தபால்தலையும் ஒட்டிவிட்டேன். அதற்குள் தலைமையாசிரியர் சகாயராணியைக் கூப்பிட்டு, சென்னையிலிருந்து கேட்கிறார்கள், பள்ளிக்குப் பெருமை, ஒரு கடிதம் எழுதிக் கொடு என்று சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரிந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். இஷ்டமில்லை என்றால் எழுத வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் அம்மா உண்மையைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, “இருக்கட்டும் டீச்சர், பெரிய எடத்து ஆளுக. நல்லதாத்தானே போட்ருக்காக. நம்ம எதுக்கு இல்லன்னு சொல்லிக்கிட்டு” என்றார். சகாயராணி கேட்டுக்கொண்டே நின்றாள்.

மறுநாள் அவளாகவே எழுதிக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினாள். நான் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கவில்லை. படித்தேன். கிண்டலாக எழுதினாளோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதி. “சரியா இருக்கா டீச்சர்?” என்று கேட்டாள். வீட்டுப்பாட நோட்டைத் திருத்தக் கொடுத்துவிட்டுக் கேட்பாளே, அந்தக் குரல்.

தலைமையாசிரியர் அசல் கடிதத்தைக் குழுவுக்கே அனுப்பிவிட்டார். நான் ஒட்டிய உறை மேசைக்குள் கிடக்கிறது. இனி அதை அனுப்பினால் முதலில் விசாரணைக்கு நிற்கப் போவது நீங்கள் இல்லை, அவள்தான். நீ எழுதியது பொய்யா என்று அவளைத்தான் கேட்பார்கள். ஆகவே நீங்கள் பயப்பட வேண்டாம். உங்கள் வேலைக்கு ஒன்றும் வராது.

போன வாரம் நூலகத்துக்குப் புதிதாகச் சில நாவல்கள் வந்தன. சகாயராணியிடம் ஒன்றைக் கொடுத்தேன். வாங்கி, முதல் பக்கத்தை விரித்து உட்கார்ந்தாள். செவுள் பார்க்கவில்லையா என்று கேட்டேன். “எதுக்கு டீச்சர், எல்லாம் நல்லாத்தான் இருக்கும்” என்றாள். வகுப்பில் இப்போது எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். காஜா நவாஸ்கூட.

விழாவுக்கு நான் வரவில்லை. எனக்கு இனி எழுத வேண்டாம். கண்மாயைப் பற்றி நீங்கள் எழுதிய பக்கத்தை மட்டும் என் பிரதியிலிருந்து கிழித்து வைத்திருக்கிறேன். அது நல்ல பக்கம்.

சகாயராணி எழுதியதன் நகலைக் கீழே என் கையால் எழுதியிருக்கிறேன். ஓர் எழுத்தும் மாற்றவில்லை.

முருகலட்சுமி


மதிப்பிற்குரிய ஆசிரியர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமா?

தாங்கள் எழுதிய ‘கரையேறிய முத்து’ நாவலை ஒரே மூச்சில் படித்தேன். மிகவும் அருமையாக இருந்தது. அதில் வரும் அம்மா மிகவும் நல்லவர். அவர் எதுவுமே பேசமாட்டார். மீன் கண்ணை மூடிய பக்கத்தில் எனக்கு அழுகை வந்தது. இது எங்கள் கதை. என் பெயரைப் போட்டதற்கு நன்றி. எங்கள் அம்மாவும் நன்றி சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ம. சகாயராணி
ஏழாம் வகுப்பு